பழைய பிக்கப்பில் கார்பெட்டை எடுத்துவிட்டு வினைல் தரை போடுவது: முழுமையான வழிகாட்டி

கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் சணல் மெத்தையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தால், மேலே கார்பெட் எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும் சரி, அடியில் தகரம் அரித்துக்கொண்டிருக்கிறது. என் வண்டியில் ஊறி வந்தது. கடைசியாக மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

வண்டி 1995 ஃபோர்டு எஃப்-150. ஒற்றை கேபின், ஒரே நீளமான பெஞ்ச் சீட், 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். ஒஹாயோவில் ஓடுகிறது. இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு போடுவார்கள். பூட்ஸில் ஒட்டிய பனியோடு அந்த உப்பும் உள்ளே வந்து, பனி உருகி, உப்புத்தண்ணீர் கார்பெட்டில் இறங்கி, சணலில் தங்கிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், அதனால் அந்தச் சணல் முழுசாகக் காய்வதே இல்லை. முப்பது வருடம் இப்படி நடந்தால் தரை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து எஃப்-150இல் கீழ்நிலை மாடலான எக்ஸ்எல் தொழிற்சாலையிலிருந்தே துடைத்து எடுக்கிற மாதிரி ரப்பர், வினைல் தரையோடுதான் வந்தது. கொஞ்சம் அதிகம் கொடுத்து எக்ஸ்எல்டி வாங்கியவர்களுக்குக் கார்பெட் கிடைத்தது. வேலைக்கு ஓட்டுகிற வண்டிக்கு எக்ஸ்எல் தரைதான் சரி என்பது என் கருத்து. சேற்றுக்காலோடு ஏறலாம், ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வினைல் மேலிருந்து தண்ணீரை உள்ளே விடாது, அதே மாதிரி அடியில் போன தண்ணீரை வெளியேயும் விடாது. கார்பெட்டாவது மெல்ல மெல்ல ஆவியாக்கும். ஒழுகுகிற வண்டியில் வினைல் போட்டால், ஈரத்தை மூடி போட்டு அடைத்த மாதிரிதான். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் ஒழுகலைத் தேடுவதிலும் துருவை எடுப்பதிலும் போக வேண்டும். வினைலை விரிப்பது ஒரு மதிய வேலை.

வாங்கும்போது

வினைலில் இரண்டு வகை. ஒன்று, உங்கள் வண்டியின் தரை வடிவத்துக்கே அச்சில் வார்த்தது. நடுவில் கியர்பாக்ஸ் மேடு, கால் வைக்கிற இடத்தின் ஏற்றம் எல்லாம் அதிலேயே இருக்கும். இன்னொன்று, சுருளாக வருவது. நீங்களே வெட்டி, சூடுகாட்டி, வளைத்து உட்கார வைக்க வேண்டும். ஒற்றை கேபின் பிக்கப்புக்கு வார்த்ததையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சுருள் மலிவுதான், ஆனால் அந்த மேட்டின் முன்பக்கத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் ஏறுகிற இடத்தில், மடிப்பு விழாமல் உட்கார வைப்பது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். ஆர்டர் செய்யும்போது வருடம், கேபின் வகை, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, நான்கு சக்கர ஓட்டமா என்று நான்கையும் சரியாகச் சொல்லுங்கள். மேட்டின் உயரம் இவற்றைப் பொறுத்து மாறும்.

இன்சுலேஷன் விஷயத்தில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். மூன்று பொருள், மூன்று வேறு வேலை.

அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர்) ஷீட், அதாவது டைனமேட், கில்மேட், நோய்கோ மாதிரி பிராண்டுகள், தகரத்தின் அதிர்வை அடக்குவதற்கு. தகரத்தைத் தட்டினால் "டங்" என்பது "டொக்" என்று மாறும், அவ்வளவுதான். இது பெரிதாகச் சூட்டையும் தடுக்காது, ரோட்டுச் சத்தம் முழுவதையும் நிறுத்தாது. அதனால் தரை முழுக்க ஒரு அங்குலம் விடாமல் ஒட்ட வேண்டியதில்லை. விரிந்து கிடக்கிற தட்டையான பரப்பின் நடுவில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்ட ஒட்ட எடைதான் கூடும், பலன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும்.

இரண்டாவது, மூடிய நுண்ணறை ஃபோம். சூட்டைத் தடுப்பது இதுதான். மூடிய நுண்ணறை என்பது முக்கியம், ஏனென்றால் இது தண்ணீர் குடிக்காது. பாத்திரம் துலக்குகிற ஸ்பாஞ்ச் மாதிரி இருப்பது திறந்த நுண்ணறை. அது வண்டித் தரைக்கு ஆகவே ஆகாது. கடையில் சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கி, எடுத்துப் பிழிந்து பாருங்கள்.

மூன்றாவது, கனமான வினைல் தடுப்பு. சதுர அடிக்கு ஒரு பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ எடை இருக்கும், தடிமன் சுமார் 3 மி.மீ. காற்றில் வருகிற சத்தத்தைத் தடுப்பது இதன் எடை. இதை நேராகத் தகரத்தின் மேல் போடக் கூடாது, அடியில் ஃபோம் இருந்தால்தான் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது நல்லது. நான் போடவில்லை, என் ஓட்டம் ஊருக்குள்தான்.

வீட்டுக் கூரைக்கு ஒட்டுகிற தார்ப்பட்டை பியூட்டைலை விட மலிவு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தார் வெயிலில் இளகும், நாறும், சரிவான இடங்களில் வழுக்கி இறங்கும். பழைய வண்டி ஒன்றில் ஒரு கோடை முழுக்க அந்த நாற்றத்தோடு ஓட்டியிருக்கிறேன். வெள்ளி நிறக் குமிழ் ஷீட்டும் அப்படித்தான். பளபளப்புப் பக்கத்துக்கு எதிரில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பும். தரைக்கும் வினைலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் வெறும் பிளாஸ்டிக்.

ஒற்றை கேபினின் தரைக்கும் சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவருக்கும் சேர்த்து 36 சதுர அடி கொண்ட ஒரு பெட்டி பியூட்டைல் தாராளம். அதோடு 6 மி.மீ. ஃபோம், ஒரு சிறு ரோலர், புதுப் பிளேடு நிறைய, ஹீட் கன், ஐசோபிரொப்பைல் ஆல்கஹால், துரு மாற்றி (மிஞ்சிய துருவைக் கெட்டிப் பூச்சாக மாற்றும் திரவம்), எப்பாக்ஸி பிரைமர், இணைப்புகளுக்கான சீம் சீலர், தரை ஓட்டைகளுக்குப் புது ரப்பர் அடைப்பான்கள். நல்ல தடித்த கையுறையும் வேண்டும். பியூட்டைலின் அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி. கையுறை இல்லாமல் நாலு துண்டு வெட்டுவதற்குள் விரலில் ரத்தம் வந்துவிடும்.

சீட்டையும் கார்பெட்டையும் எடுப்பது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். எஃப்-150இல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 1994லிருந்து வந்தது. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஒயரைக் கழற்றியபின் பத்து நிமிடமாவது பொறுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொட வேண்டாம்.

சீட் போல்ட்டுகள் பழைய வண்டிகளில் இறுகிப்போயிருக்கும், பாதி மரை வண்டிக்கு அடியில் உப்பில் நனைந்துகொண்டே இருந்ததுதான் காரணம். முந்தின நாள் மாலையே அடியிலிருந்து துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்துவிடுங்கள். காலையில் மறுபடி ஒரு தடவை. சில வண்டிகளில் போல்ட் மேலிருந்தே வந்துவிடும், சிலவற்றில் அடியில் நட் இருக்கும், படுத்துப் பார்த்துவிட்டு ராட்செட்டை எடுங்கள். அசைய மறுத்தால் நீளக் கைப்பிடியில் முழு பலத்தையும் போடாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று முன்னும் பின்னும் ஆட்டினால் வந்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டுக்கு நட்சத்திர வடிவத் தலை, பெரும்பாலும் டி-50 டார்க்ஸ். பிட்டைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி முழுசாக உள்ளே உட்கார வைத்தபிறகு திருப்புங்கள், இல்லையென்றால் தலை வழுக்கிவிடும்.

பெஞ்ச் சீட் கனம். கதவு வழியாக வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். அப்புறம் கதவடியில் உள்ள சில் பிளேட்டுகள், கால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்குகள், கியர் லீவரின் ரப்பர் உறை. ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவையும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

பழைய கார்பெட்டைக் கிழித்து எடுக்காதீர்கள், முழுசாக எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வினைலில் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நிற்கும்போது அதுதான் உங்கள் அளவுப் படம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

வெறும் தகரம் தெரிகிறது. இப்போது யாரையாவது வெளியே ஹோஸோடு நிறுத்திவிட்டு, நீங்கள் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். முதலில் கதவின் அடி, அப்புறம் கதவின் மேல் ஓரம், அப்புறம் முன் கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கிற இடம், கடைசியில் கண்ணாடியின் மேல் விளிம்பு, கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும், எது ஒழுகல் எது வழிந்த தண்ணீர் என்று பிரிக்க முடியாது.

என் வண்டியில் கதவு வரை ஒன்றுமில்லை. வைப்பர் பக்கம் தண்ணீர் போனதும் ஒரு நிமிடத்துக்குள், பயணி பக்கத்து டாஷ்போர்டுக்கு அடியில், தகரத்தின் இரண்டு பாகங்கள் சேருகிற கோட்டில், ஒரு சொட்டு தொங்கியது. தொங்கி, கோட்டின் வழியாகவே நாலு விரல் தூரம் நகர்ந்து, அப்புறம்தான் கீழே விழுந்தது. சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடியிருந்தால் அந்த வெடிப்பைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இந்தத் தலைமுறை ஃபோர்டுகளில் இந்த இணைப்பு ஒழுகுவது தெரிந்த வியாதிதான், தொழிற்சாலையில் போட்ட சீலர் காய்ந்து வெடித்துவிடுகிறது. வெளியிலிருந்து பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, துடைத்துக் காயவிட்டு, புது சீம் சீலர் போட்டேன். மறுநாள் மறுபடி ஹோஸ். நின்றுவிட்டது.

இன்னும் பார்க்க வேண்டியவை: பின்கண்ணாடியின் ரப்பர் (நகரும் கண்ணாடி என்றால் கட்டாயம்), கூரையின் பின்பக்கம் உள்ள பிரேக் விளக்கின் கேஸ்கெட், கேபின் பின்சுவரின் காற்றுத்துளை, கதவுக்குள் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகள். கடைசியில் சொன்னது இலையாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளே வழியும், ஒரு குச்சியால் குத்தினாலே சரியாகிவிடும். மழையே இல்லாமல் பயணி பக்கம் ஈரமாகிறதா? தொட்டு முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது கூலன்ட், ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. அதை மாற்றாமல் மேலே போகக் கூடாது. வெறும் தண்ணீர், அதுவும் ஏசி போட்டால் மட்டும் வருகிறது என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும்.

துரு

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கிற இடம் நல்ல தகரம். சத்தம் மந்தமாகிற இடத்தில் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் போகட்டும், அந்தத் தகரம் எப்படியும் போனதுதான். கால் வைக்கிற குழி, கதவோர விளிம்பின் உள்பக்கம், கேபின் தாங்கிகளின் மேற்பகுதி, கேபினின் பின்மூலைகள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஓட்டை விழுந்திருந்தால் நல்ல தகரம் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. ஃபைபர்கிளாஸைப் பூசி மேலே வினைலைப் போட்டு மறைப்பது வேண்டாம், சீட்டும் சீட் பெல்ட்டும் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தரையைத்தான். வெல்டிங் என்றால் பியூட்டைல் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பியூட்டைல் தீப்பிடிக்கும். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அனுபவம் இல்லையென்றால் இந்த ஒன்றை மட்டும் ஆள் வைத்துச் செய்வதில் தப்பே இல்லை.

மேல் துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷைப் போட்டு உதிர்கிறதை எல்லாம் எடுங்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அப்புறம் உப்பு போகிற மாதிரி நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, ஃபேன் போட்டு முழுசாகக் காயவையுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. உப்பு தங்கிய தகரத்தின் மேல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து கொப்பளம் வரும். பிறகு துரு மாற்றி, எப்பாக்ஸி பிரைமர், மேலே ஒரு கோட் பெயின்ட், இணைப்புகளில் சீம் சீலர், ஓட்டைகளில் புது அடைப்பான்கள். பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனாலும் இரண்டு நாள் விடுங்கள். கரைப்பான் ஆவியாகி முடிவதற்குள் பியூட்டைலை ஒட்டினால் அது பெயின்ட்டோடு கழன்று வரும்.

பியூட்டைலும் ஃபோமும்

தரையை ஆல்கஹாலால் துடையுங்கள். குளிரில் ஒட்டாதீர்கள், 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் நன்றாகப் பிடிக்கும், குறைவு என்றால் ஹீட் கன்னால் ஷீட்டையும் தகரத்தையும் லேசாக வெதுவெதுப்பாக்குங்கள். பெரிய ஷீட்டை அப்படியே ஒட்டப் பார்க்காமல், கையடக்கத் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் மேடு பள்ளத்தில் சரியாக இறங்கும். ரோலரை அழுத்தி ஓட்டுங்கள், அலுமினியத்தின் மேல் இருக்கிற புடைப்பு வடிவம் மறைந்து தட்டையாக வேண்டும். அடியில் காற்று நின்ற இடத்தில் நாளைக்கு ஈரம் நிற்கும். குமிழ் தெரிந்தால் பிளேடால் குத்திக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி ரோலர்.

ஒட்டக் கூடாத இடங்கள்: சீட் போல்ட், சீட் பெல்ட் போல்ட் உட்காரும் இடத்தைச் சுற்றி மூன்று விரல் அகலம்; ஏர்பேக் சென்சார் எதுவும் தரையில் இருந்தால் அதன் மேல்; ஒயர்க் கொத்து போகிற பள்ளம். போல்ட்டுக்கு அடியில் மெத்தென்று ஏதாவது இருந்தால் அது வருடக்கணக்கில் நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் தானாகத் தளரும். விபத்து நேரத்தில் உங்களைப் பிடித்து வைத்திருக்கப் போவது அந்தப் போல்ட்.

ஃபோமை மேட்டின் மேலும், எக்ஸாஸ்ட் அடியில் போகிற பக்கத்திலும் முதலில் போடுங்கள், சூடு வருவது அங்கிருந்துதான். அடுத்தது எஞ்சின் பக்கத்துச் சுவரின் சரிவு. ஃபோம் துண்டுகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று தொட வேண்டும், ஏறி உட்காரக் கூடாது. ஏறினால் வினைலில் அந்த வரம்பு தெரியும். பழைய சணலைத் திரும்பப் போட நினைக்காதீர்கள். புது வினைலின் அடியிலேயே சணல் மெத்தை ஒட்டி வந்தால் விட்டுவிடலாம், ஒழுகலைத்தான் நிறுத்திவிட்டோமே. நான் அப்படியும் மனசு கேட்காமல் கால் வைக்கிற குழிகளில் மட்டும் அதை உரித்துவிட்டு ஃபோம் வைத்தேன்.

வினைல்

மடித்து வந்த வினைலை வெயிலில் விரித்து இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள். மடிப்புகள் தானாக இறங்கும். வெயில் இல்லாத காலம் என்றால் சூடான அறையில் ஒரு இரவு. ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் மேலே உள்ள தோல் வடிவம் பளபளவென்று உருகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

உள்ளே வைத்ததும் கத்தியை எடுக்காதீர்கள். நடுமேட்டில் உட்கார வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போய், குழிகளில் இறக்கி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். மறுபடி சரிசெய்யுங்கள். முதல் வெட்டு கியர் லீவருக்கு. உறையின் வளையம் எவ்வளவு மறைக்குமோ அதைவிட நன்றாகச் சின்னதாகப் பெருக்கல் குறி மாதிரி கீறி, லீவரை நுழைத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். இது நின்றுவிட்டால் மற்றதெல்லாம் இடம் மாறாது.

சீட் போல்ட் ஓட்டைகளுக்கு, முடிந்தால் வண்டிக்கு அடியிலிருந்து ஊசிமாதிரி ஒரு கம்பியை ஓட்டை வழியாக மேலே குத்துங்கள், வினைலில் சரியான மையம் கிடைக்கும். மேலிருந்து விரலால் தடவிக் கண்டுபிடிப்பது ஒரு அரை அங்குலமாவது தப்பும். அந்த இடத்தில் சூடான இரும்புக் கம்பியால் ஓட்டை போட்டால் ஓரம் உருகி இறுகிக்கொள்ளும், பின்னால் கிழியாது.

ஓரங்களைக் கடைசியாக வெட்டுங்கள். சில் பிளேட்டுக்கு அடியில் இரண்டு விரல் அகலம் போகிற அளவு விட்டு வெட்டினால் போதும். கதவின் ரப்பர் உட்காரும் விளிம்பின் மேல் வினைல் ஏறினால் கதவு இறுகும், புது ஒழுகலும் வரும்.

பெடல்களைத் தனியாகக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரைக் கையால் தரை வரை அமுக்கி விடுங்கள், பட்டென்று முழுசாக மேலே வர வேண்டும். கிளட்ச்சும் பிரேக்கும் அப்படியே. புது ஃபோமும் வினைலும் சேர்ந்து தரையை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கும். பெடல் வினைலில் உரசினாலோ அமுங்கிய இடத்தில் தயங்கினாலோ அந்த இடத்து ஃபோமை எடுத்துவிடுங்கள். சூடு கொஞ்சம் வந்தால் வரட்டும்.

திரும்பப் பூட்டுவது

சீட்டை உள்ளே வைத்ததும் நான்கு போல்ட்டையும் கையாலேயே நாலு சுற்று திருப்பிவிட்டு, அப்புறம் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கம் எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் ரிப்பேர் மேனுவலில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் செய்யுங்கள். மரை கெட்ட சீட் பெல்ட் போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதே தரத்தில் புதுசு வாங்குங்கள். கடையில் கிடைக்கிற சாதாரண போல்ட் இதற்குப் பொருந்தாது. பெல்ட்டை இழுத்து வெடுக்கென்று நிறுத்திப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் பேட்டரி ஒயர். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும்.

ஈரத்தில் வினைல் வழுக்கும், அதனால் ஓட்டுநர் பக்கம் விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் ஒன்று போடுங்கள், பெடல் பக்கம் நகராத மாதிரி மாட்டி வையுங்கள். முதல் சில நாள் புது வினைல் வாசனை இருக்கும், கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் சீட் போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள், வினைல் கொஞ்சம் நசுங்கியிருக்கும்.

முதல் பெருமழைக்கு மறுநாள் பயணி பக்கத்து சில் பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவை மட்டும் கழற்றி, வினைலின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். நான் மூன்று மழைக்கும் பார்த்தேன். விரலில் தூசிதான் ஒட்டியது.